மழை நின்ற பிறகு ஏறிய தண்ணீர்: ஒரு தெருவின் வெள்ளமும் அதன் பழியும்

இது 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தென்சென்னையில் ஒரு குடியிருப்பில் நடந்ததும், அடுத்த ஒன்றரை வருடத்தில் அதைத் தொடர்ந்து நடந்ததும். ஆட்கள், தெரு, ஏரி, துறைகள் எதன் பெயரையும் எழுதவில்லை. துறைகளை முதல் துறை, இரண்டாம் துறை என்றே குறிப்பிடுகிறேன். நான் அந்தத் தெருக்காரன். நலச்சங்கத்தின் செயற்குழுவிலும் இருந்தேன். அதனால் வெளியாள் பார்வை இதில் இருக்காது.

பின்னணி

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு மேற்கே, ஒரு ஏரியின் உபரிநீர் சதுப்புக்குப் போகும் வழியில் எங்கள் குடியிருப்பு இருக்கிறது. ஒரு மெயின் ரோடு, இரண்டு குறுக்குத் தெரு, ஏறக்குறைய 180 வீடுகள். ஏரியிலிருந்து வரும் ஓடை மெயின் ரோட்டுக்கு அடியில் ஒரு சிறுபாலம் வழியாகப் போகிறது. பாலம் என்று சொல்வது மரியாதைக்காக. இரண்டு சிமென்ட் குழாய், அவ்வளவுதான். அதைத் தாண்டினால் சதுப்பு, அப்புறம் ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கடைசியில் கோவளம் பக்கம் கடல்.

2015 வெள்ளத்தில் தரைத்தள வீடுகளில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அதன்பிறகு வசதி இருந்தவர்கள் வீட்டை இடித்து, கீழே வண்டி நிறுத்தும் இடம் விட்டு மேலே கட்டிக்கொண்டார்கள். ரோடும் இரண்டு முறை உயர்ந்தது. உயராமல் போனது இரண்டாம் குறுக்குத் தெருவின் பழைய வீடுகள். அவற்றில் பெரும்பாலும் வாடகைக்காரர்கள்.

2015-ஐப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த டிசம்பர் 1-ம் தேதி இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது. ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, முழு உயரம் 24 அடி என்பதெல்லாம் அந்த மாதத்தில் ஆட்டோக்காரர் வரைக்கும் மனப்பாடம். மேலிட உத்தரவுக்காகக் காத்திருந்து தாமதமாக, மொத்தமாகத் திறந்தார்கள் என்றது எதிர்க்கட்சி. படிப்படியாக, எச்சரித்துத்தான் திறந்தோம் என்றது அன்றைய அ.தி.மு.க. அரசு. 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை அதை மனிதரால் நேர்ந்த பேரழிவு என்றது. இடையில் 2016 தேர்தலில் அ.தி.மு.க. மாநிலத்தில் மறுபடி ஜெயித்தது; சென்னையின் 16 தொகுதிகளில் 10 தி.மு.க.வுக்குப் போயின. ஆக, அந்தப் பழி எங்கே எவ்வளவு விழுந்தது என்பதைக்கூட ஒரே வரியில் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று நிலைத்துவிட்டது. சென்னையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தால், "எவனோ ஏரியைத் திறந்து விட்டுட்டான்" என்பதுதான் முதல் வாக்கியம். எங்கள் கதையிலும் அதுதான் முதல் வாக்கியம்.

2021 நவம்பர் மழைக்குப் பிறகு தி.மு.க. அரசு, ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. நகரமெங்கும் மழைநீர் வடிகால் வேலை நடந்தது. எங்கள் மெயின் ரோட்டிலும் 2022-ல் வடிகால் கட்டினார்கள். அது சிறுபாலத்துக்கு 40 மீட்டர் முன்னாலேயே முடிந்துவிட்டது. அப்போது யாரும் கேட்கவில்லை. புது வடிகால் வந்ததே என்ற சந்தோஷத்தில் இருந்தோம்.

டிசம்பர் 3 முதல் 5 வரை: கண்டது

ஞாயிறு இரவு 9 மணிக்கு இரண்டாம் குறுக்குத் தெருவில் கணுக்கால் அளவு. 11.40-க்கு மின்சாரம் நின்றது. திங்கள் காலை 4 மணிக்குத் தரைத்தள வீடுகளில் தண்ணீர் நுழைந்தது. மதியத்துக்குள் இடுப்பளவு. புயல் கரைக்கு அருகே மெதுவாக நகர்ந்துகொண்டே இருந்தது. இரண்டு நாளில் நகரத்தின் சில இடங்களில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. கடல் கொந்தளிப்பில் முகத்துவாரங்கள் தண்ணீரை ஏற்கவில்லை. விமான நிலையத்தை மூடினார்கள். போனில் டவர் இல்லை, சார்ஜும் இல்லை.

இந்த நேரங்கள் எப்படித் தெரியும்? இரண்டாம் குறுக்குத் தெருவில், பழைய வீடு ஒன்றின் மாடியில் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் இருக்கிறார். கீழ்வீட்டுக்காரர்களை மேலே ஏற்றிக்கொண்ட பிறகு அவருக்குத் தூக்கம் வரவில்லை. டார்ச்சோடு படியில் உட்கார்ந்து, படிக்கட்டுச் சுவரில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் கைக்கடிகார நேரத்தை எழுதினார். மணிக்கு ஒரு கோடு. "பரீட்சை ஹால்ல உக்காந்த மாதிரி இருந்துச்சு சார், சும்மா உக்காந்தா பைத்தியம் புடிச்சிடும்" என்றார் அப்புறம். மொத்தம் 31 கோடுகள். சில கோடுகள் பிறகு ஊறி அழிந்தாலும் அவர் அதை ஒரு பழைய வருகைப்பதிவேட்டில் நகல் எடுத்து வைத்திருந்தார்.

அந்தக் கோடுகளில் ஒரு விஷயம் தனியாகத் தெரிந்தது. திங்கள் இரவு மழை விட்டுவிட்டது. 10 மணிக்குத் தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றது. ஆனால் 11 மணியிலிருந்து செவ்வாய் விடியற்காலை 3 மணி வரை, ஒரு சொட்டு மழை இல்லாமல், 9 அங்குலம் ஏறியது. மழை விட்டதும் கீழே இறங்கி மேலே வைத்ததைக் கழுவ ஆரம்பித்தவர்கள் இருட்டில் மறுபடி மாட்டிக்கொண்டார்கள். பொருள் போனதில் பாதி அந்த நாலு மணி நேரத்தில் போனது.

ஏரியைத் திறந்துவிட்டார்கள் என்று தெரு முடிவு செய்தது அந்த இரவில்தான்.

செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் முறை இருந்த 67 வயதுப் பெரியவர் ஒருவரை வெளியே கொண்டுபோக முடியவில்லை. உதவி எண்களில் இணைப்பு கிடைக்கவில்லை. புதன் காலை மீனவர்கள் கொண்டுவந்த ஃபைபர் படகில்தான் அவரை ஏற்றினோம். பிழைத்துக்கொண்டார்.

புதன்கிழமை: பழி வந்து சேர்ந்தது

டிசம்பர் 6 காலை 10 மணிக்குக் கவுன்சிலர் வந்தார், டிராக்டரில். இறங்கவிடாமல் சூழ்ந்துகொண்டார்கள். "ஓட்டு கேக்க வந்தப்ப வீடு வீடா படி ஏறுனீங்களேம்மா, இப்ப மூணு நாளு எங்க போனீங்க?" என்று ஒரு பெண் கேட்டார். கவுன்சிலர் நைட்டிக்கு மேல் துண்டு போட்டிருந்தார். கால் முட்டி வரை சேறு. "எங்க வீட்லயும் தண்ணிதாண்ணே, பிரிட்ஜ் மிதக்குது" என்றார், கேட்டவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்து. யாரும் நம்பவில்லை. அது உண்மை என்று இரண்டு வாரம் கழித்துத்தான் தெரியும். நான் அன்று அதைக் கேட்டுச் சிரித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஒரு மணி நேரம் கழித்து எதிர்க்கட்சிக்காரர்கள் பிரெட் பாக்கெட்டும் செல்போன் கேமராவும் கொண்டுவந்தார்கள். மேலே சொன்ன பெண், தரைத்தள வாடகைக்காரர், தையல் மெஷின் இரண்டும் தண்ணீரில் போய்விட்டவர். அவர் நான்கு நிமிடம் பேசினார். அதில் 38 விநாடி மட்டும் சாயங்காலத்துக்குள் எங்கள் ஊரைத் தாண்டிச் சுற்றியது. ஒரு தரப்பு அதை அரசின் தோல்விக்குச் சாட்சி என்றது. இன்னொரு தரப்பு காசு கொடுத்துப் பேச வைத்தது என்றது. வெட்டிப்போன மூன்றரை நிமிடத்தில் அவர் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றைத்தான்: கரண்ட் எப்போது வரும், கம்பி தண்ணீரில் கிடக்கிறதே, பிள்ளைகள் இறங்கலாமா கூடாதா? அதற்கு அன்று எந்தக் கட்சிக்காரரிடமும் பதில் இல்லை. வாரக் கடைசியில் வீட்டின் சொந்தக்காரர் அவரைக் கூப்பிட்டு, "ஏம்மா வம்பு?" என்றார்.

நகரத்தின் பேச்சு வேறு உயரத்தில் போய்க்கொண்டிருந்தது. 4,000 கோடி ரூபாய் வடிகால் பணம் எங்கே என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. மொத்தத் திட்டத்தில் 42 சதவீதம்தான் செலவாகியிருக்கிறது என்று அமைச்சர் விளக்கினார். முதல்வர் ஒன்றியத்திடம் இடைக்கால நிவாரணமாக 5,060 கோடி கேட்டார். ஒன்றியம் பேரிடர் நிதியின் இரண்டாவது தவணையாக 450 கோடியையும், 561.29 கோடி ரூபாய்ச் சென்னை வெள்ளத் தடுப்புத் திட்டத்துக்கு ஒப்புதலையும் அறிவித்தது. அப்புறம் யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்ற சண்டை. எங்கள் வாட்ஸ்ஆப் குழுவில் இதெல்லாம் நாளுக்கு 300 செய்தியாக வந்தது. "2015-ல உங்க ஆளுங்க பண்ணது என்ன?" "ரெண்டரை வருஷமா நீங்க கிழிச்சது என்ன?" என்று, அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள், ஒருவர் மோட்டாரை இன்னொருவர் கடன் வாங்கிச் சம்ப் இறைத்துக்கொண்டே.

கூட்டமும் முடிவும்

டிசம்பர் 8 மதியம் மின்சாரம் வந்தது. 10-ம் தேதி ஞாயிறு மொட்டை மாடியில் கூட்டம். 23 பேர் வந்தார்கள்.

மூன்று யோசனைகள் வந்தன. மெயின் ரோட்டில் மறியல், ஒரு கட்சியின் தலைவரைக் கூட்டிவந்து பார்க்கச் சொல்வது, நடந்ததை நேரவாரியாக எழுதி மனு கொடுப்பது. மறியல் வேண்டாம் என்று முடிவானதற்கு உண்மையான காரணம் கொள்கை இல்லை. கரண்ட் வந்துவிட்டது, உடம்பு அசந்துவிட்டது. பக்கத்து நகரில் 7-ம் தேதி மறியல் செய்தார்கள், அன்றிரவே அவர்களுக்கு மின்சாரம் வந்தது. எங்களுக்கு மறுநாள். கோபத்தைக் காட்டினால் வேலை நடக்காது என்று பாடம் எடுக்க இந்த நிகழ்வை யாரும் பயன்படுத்தக் கூடாது.

கட்சித் தலைவர் யோசனை ஓட்டுக்கு வந்து 9-க்கு 14 என்று தோற்றது. மிச்சம் இருந்தது மனு.

டீச்சர் ஒரு நிபந்தனை போட்டார். ஒவ்வொரு குறைக்கும் எதிரே மூன்று கட்டம்: இது எத்தனை மணிக்கு நடந்தது, எந்த இடத்தில், யார் எதைச் செய்திருந்தால் மாறியிருக்கும். மூன்றும் நிரம்பாத குறை மனுவில் வராது. கட்சியின் பெயர், ஆட்சியின் பெயர் வராது. முதலில் எழுந்த முணுமுணுப்பு பெரிதாக இருந்தது. ஒருவர் எழுந்து போய்விட்டார். "அரசாங்கத்தைக் காப்பாத்தறதுக்குத்தான் இந்தக் கட்டமெல்லாம்" என்றார் போகும்போது.

வீடு வீடாகப் போய்ச் சேர்த்ததில் 61 குறைகள். கட்டம் போட்டு முடித்தபோது 14 மிஞ்சின. "அரசு தூங்கிவிட்டது" போய்விட்டது. "4,000 கோடி எங்கே" போய்விட்டது. அது நியாயமான கேள்வி, ஆனால் எங்கள் தெருவில் இருந்து பதில் கண்டுபிடிக்க முடியாத கேள்வி. "சிறுபாலத்தின் கிழக்குக் குழாயில் திங்கள் மாலை தண்ணீர் நகரவே இல்லை, கட்டுமானக் குப்பையும் ஒரு பழைய மெத்தையும் அடைத்திருந்தன" என்பது நின்றது.

பதினான்கில் ஒன்று எங்களைப் பற்றியது. மெயின் ரோட்டு வடிகாலில் தெருத் தண்ணீர் இறங்கும் வாய்களில் 11-ஐ, கார் ஏறுவதற்கான ராம்ப் கட்டி நாங்களே மூடியிருந்தோம். டேப் பிடித்து அளந்த பையன்கள் பட்டியல் கொடுத்தார்கள். நாலாவது என் வீடு. அதை மனுவில் சேர்க்கலாமா என்று ஒரு மணி நேரம் வாதம். சேர்த்தால் பழி நம் பக்கம் திரும்பும், அதிகாரி அதையே பிடித்துக்கொள்வார் என்பது எதிர்ப்பு. அந்தப் பயம் பிறகு சரியாகவே பலித்தது. ஆனாலும் சேர்த்தோம்.

தகவல் கேட்டதில் வெளிவந்தது

2024 ஜனவரியில் மூன்று துறைகளுக்கு மனுவும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேள்விகளும் போயின. முக்கியமான கேள்விகள் இரண்டு. டிசம்பர் 4 மதியம் முதல் 5 காலை வரை ஏரியின் ஷட்டர் எப்போது, எவ்வளவு திறக்கப்பட்டது? சிறுபாலம் யார் பொறுப்பு, கடைசியாக எப்போது தூர் வாரப்பட்டது?

முதல் கேள்விக்கு முதல் துறையின் பதில் ஒன்றரை வரி. அந்த ஏரியில் ஷட்டர் கிடையாது, கலங்கல் மட்டுமே உண்டு.

கலங்கல் என்றால் கரையில் ஒரு இடத்தில் தாழ்வாகக் கட்டிவிட்ட கல்சுவர். தண்ணீர் அந்த மட்டத்தைத் தாண்டினால் தானாக வழியும். யாரும் திறக்க வேண்டாம், யாரும் மூடவும் முடியாது. நாங்கள் நேரில் போய்ப் பார்த்தோம். முட்செடிக்கு நடுவே கல்சுவர் இருந்தது, மதகு இல்லை. ஆக அந்த இரவு 9 அங்குலத்தை யாரும் எங்கள் மீது திறந்துவிடவில்லை. மேலே இருக்கும் ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பி வழிந்து, மழை விட்ட சில மணி நேரம் கழித்து எங்கள் ஓடைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வந்த தண்ணீர் பாதி அடைத்த குழாயில் முட்டிப் பின்னால் ஏறியது. 2015-ல் செம்பரம்பாக்கத்தில் உண்மையாக இருந்த ஒரு ஷட்டரை, இல்லாத இடத்தில் நாங்கள் எட்டு வருடமாகப் பொருத்திப் பேசிக்கொண்டிருந்தோம். வாட்ஸ்ஆப் குழுவில் இரண்டு கட்சிக்காரர்களும் ஒத்துப்போன ஒரே விஷயம் அந்த ஷட்டர்தான்.

இரண்டாம் கேள்விக்கு இரண்டாம் துறை, சிறுபாலம் தங்கள் லிமிட்டில் வராது என்று சொல்லி மனுவை மூன்றாம் துறைக்கு மாற்றியது. மூன்றாம் துறை, சாலையின் மேற்பரப்பு மட்டுமே தங்களுடையது என்று சொன்னது. மேல்முறையீட்டுக்குப் பிறகு கிடைத்த தூர்வாரும் பட்டியல்கள் 2014-ல் தொடங்கி 2023 வரை இருந்தன. எந்த வருடப் பட்டியலிலும் அந்தச் சிறுபாலம் இல்லை. 2023 அக்டோபரில் புது வடிகாலைத் தூர் வாரியதற்குப் பில் இருந்தது. வாரியிருக்கிறார்கள், நாங்களே பார்த்தோம். வடிகால் சுத்தமாக இருந்து, போய்ச் சேர இடமில்லாமல் நின்றது.

இதை வாசித்தபோது கூட்டத்தில் இருந்து கோபித்துப் போனவரும் வந்திருந்தார். "அப்ப ரெண்டு ஆட்சியையும் சொல்லுங்க" என்றார். சொல்லலாம், தவறில்லை. பத்து வருடப் பட்டியல் கையில் இருக்கும்போது அதற்குக் கனம் இருக்கிறது.

அதன்பின் நடந்தவை

மார்ச் முதல் வாரத்தில் மூன்று துறைகளின் இளநிலைப் பொறியாளர்களும் ஒன்றாக வந்து கூட்டு ஆய்வு செய்தார்கள். அதற்கு ஏற்பாடு செய்தது நாங்கள் சூழ்ந்துகொண்ட அதே கவுன்சிலர். ஒருவர் வந்ததும் முதலில் கேட்டது, "ராம்ப்பை எடுத்துட்டீங்களா சார்?" என்றுதான். எடுத்திருந்தோம், ஒன்பதை. இரண்டு வீட்டுக்காரர்கள் மறுத்துவிட்டார்கள்.

மார்ச் 16-ல் மக்களவைத் தேர்தல் நடத்தை விதிகள் அமலுக்கு வந்தன, புது வேலை எதுவும் தொடங்க முடியாது என்றார்கள். ஜூனில் திரும்பப் போனால் பொறியாளர்களில் இருவர் மாற்றலாகியிருந்தார்கள். செப்டம்பரில் சிறுபாலத்தைத் தூர் வாரினார்கள். ஏழு லாரி மண், மெத்தையும் வந்தது. யார் லிமிட் என்ற கேள்விக்கு எழுத்தில் இன்னும் பதில் இல்லை. இரண்டாம் துறை "சிறப்பு நேர்வாக" வாரியதாகக் கோப்பு சொல்கிறது.

2024 அக்டோபர் 15 மழையில் வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் வரிசையாகக் கார்களை ஏற்றி நிறுத்தினார்கள். எங்கள் ஆட்களும் நிறுத்தினார்கள். தெருவில் கணுக்கால் அளவு நின்று மறுநாள் மதியம் வடிந்தது. நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் இரண்டாம் குறுக்குத் தெருவில் முழங்கால் வரை வந்தது, வீட்டுக்குள் வரவில்லை. மழை விட்ட பிறகு ஏறிய அளவு, டீச்சரின் கோட்டுப்படி, ஒன்றரை அங்குலம். மிக்ஜாம் அளவுக்கு எங்கள் பக்கம் மழை இல்லை என்பதால் இதை வெற்றி என்று எழுதத் தயக்கமாக இருக்கிறது.

அதே வாரம் திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டது. முன்னறிவிப்பில்லாமல் நள்ளிரவில் திறந்தார்கள் என்றது எதிர்க்கட்சியான அ.தி.மு.க.; ஐந்து முறை எச்சரித்தோம் என்றது தி.மு.க. அரசு. 2015-ன் வசனங்கள் அப்படியே, ஆட்கள் மட்டும் இடம் மாறி. அங்கே ஷட்டர் உண்டு. எத்தனை மணிக்கு எவ்வளவு என்ற பதிவேடும் இருக்கும். அதைக் கேட்க வேண்டியவர்கள் கேட்பார்கள் என்று நினைக்கிறேன்.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

கூட்டத்துக்கு வந்த 23 பேரில் வாடகைக்காரர்கள் மூன்று பேர். இது பெரிய தவறு. ஞாயிறு காலை 11 மணிக்கு அவர்கள் வீடு கழுவிக்கொண்டிருந்தார்கள், நாங்கள் மாடியில் பேசிக்கொண்டிருந்தோம். அவர்களுடைய குறை அந்த 40 மீட்டர் வடிகால் அல்ல. அரசு அறிவித்த 6,000 ரூபாய் ரேஷன் கடை வழியாக வந்தது. சொந்த ஊரில் கார்டு வைத்திருந்தவர்கள் தனியாக விண்ணப்பம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கு உதவ ஒரு மேசை போட்டிருந்தால் போதும். போடவில்லை. தையல் மெஷின் போன பெண்ணின் விண்ணப்பம் என்ன ஆனது என்று நாங்கள் கேட்டபோது அவர் வீடு காலி செய்து மேடவாக்கம் பக்கம் போய்விட்டிருந்தார்.

அவருடைய வீடியோ சுற்றியபோது சங்கம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். முழு நான்கு நிமிடமும் எங்கள் உறுப்பினர் ஒருவர் போனிலேயே இருந்தது. கட்சித் தகராறில் மாட்டக் கூடாது என்று வெளியிடவில்லை.

டயாலிசிஸ், ஆக்சிஜன், படுக்கையில் இருப்பவர்கள் பட்டியல் அக்டோபர் முதல் வாரத்திலேயே இருக்க வேண்டும். இப்போது இருக்கிறது. ஆறு பெயர்கள். புயல் எச்சரிக்கை வந்தால் முதல் நாளே மாற்ற இரண்டு ஆட்டோக்காரர்களிடம் பேசி வைத்திருக்கிறோம்.

2025 ஜூன் நிலவரம்: 40 மீட்டர் வடிகால் சேரவில்லை. மதிப்பீடு தயாரித்திருப்பதாக இரண்டாம் துறையும், சாலையை வெட்டும் அனுமதிக்குக் கடிதம் வரவில்லை என்று மூன்றாம் துறையும் எழுத்தில் கொடுத்திருக்கின்றன. இரண்டு கடிதங்களையும் ஒரே கவரில் வைத்து இரண்டு துறைக்கும் அனுப்பியிருக்கிறோம். மீதி இரண்டு ராம்ப்களும் அப்படியே இருக்கின்றன.